மூன்று சுழி

நாற்பத்திரண்டு வயதில்
சிங்கள முதலாம் ஆண்டுப் புத்தகம் வாங்கினேன்,
புறக்கோட்டை நடைபாதையில், நூற்றெண்பது ரூபாய்க்கு.
"பிள்ளைக்கா?" என்றான் கடைக்காரன்.
"ஓம்" என்றேன்.
எனக்குப் பிள்ளை இல்லை.

பேசத் தெரியும்.
பழைய சோனகத் தெருவில் பதினெட்டு வருடம்
ஆணிக்கும் கொண்டிக்கும் பிவிசி குழாய்க்கும்
சிங்களத்தில் விலை பேசியவள் நான்.
சண்டை பிடிக்கத் தெரியும்,
பகிடியும் அதற்குள் ஒளிந்திருக்கும் தூஷணமும் தெரியும்.
எழுத்து மட்டும்
சுருண்டு படுத்த மரவட்டைகள்.

கடிதம் வந்தால் பக்கத்து மேசை நிலந்தியிடம் நீட்டுவேன்.
நல்லவள். வாசித்துச் சொல்வாள்.
சொல்லுமுன் ஒருமுறை தனக்குள் வாசித்துக்கொள்வாள்.
என் கடிதத்தை எனக்கு முன் இன்னொருத்தி அறிந்துவிடும்
அந்த அரை நிமிடம்தான்
எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கும் போனேன்.
முதல் எழுத்தை ஐம்பது தரம் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
நாலாம் கிழமை காய்ச்சல் என்று நின்றுவிட்டேன்.
காய்ச்சலும் இல்லை.

பிறகொரு நாள்
நூற்றைம்பத்தைந்து பஸ் நெரிசலில் நின்றபோது
முன்னால் நின்ற பஸ்ஸின் பலகையில்
ஒரே ஊர் மூன்று உடுப்பில்.
மட்டக்குளி.
தமிழைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்:
ம, ட, க, ல, ய.
ஐந்து எழுத்து, டிக்கெட் காசுக்குள்.
மறுநாள் மருதானை தந்தது ர, த, ன.
அகரத்தில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது?
எனக்கு முதல் எழுத்து ம.

ம-வுக்கும் வ-வுக்கும் ஒரு முடிச்சுத்தான் வித்தியாசம்.
அந்த முடிச்சில் மூன்று கிழமை கட்டுண்டு கிடந்தேன்,
மருதானையை வருதானை என்று வாசித்தபடி.

தொடாத நாட்களும் இருந்தன.
மழை. மின்கட்டணம். முழங்கால்.
பதினொரு நாள் அந்தப் புத்தகம்
அரிசி வாளியின் மூடிக்கு மேல் கிடந்தது.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்க ஆளில்லாதது முதலில் வசதியாக இருந்தது,
பிறகு பயமாக.
பன்னிரண்டாம் நாள் அரிசி எடுக்கும்போது
நானே கேட்டேன், கொஞ்சம் சத்தமாக.
பதில் சொல்ல வெட்கமாக இருந்ததால்
புத்தகத்தைத் திறந்தேன்.

எங்கள் மாடிப்படியில், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
இரண்டு வருடமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது.
மரண உதவிச் சங்கத்து அறிவித்தல் என்று நினைத்து
மரியாதையோடு கடந்து போவேன்.
ஆவணி மாதத்து ஒரு மாலை, கையில் மரக்கறிப் பையோடு,
அது எனக்குத் தன்பாட்டில் வாசிபட்டது.
"மூன்றாம் மாடிக்காரர்
துணியைப் பிழிந்து காயப்போடவும்.
எங்கள் குசினி யன்னலுக்குள் தண்ணீர் சொட்டுகிறது."

மூன்றாம் மாடி, ஏழாம் இலக்கம். நான்தான்.
கொழும்பில் நானாக வாசித்த முதல் முழு வசனம்
என்னைத் திட்டியது.
படியில் உட்கார்ந்து சிரித்தேன்,
போஞ்சிக்காய் இரண்டு உருண்டு போனது தெரியாமல்.

அன்றிரவு நாலு தரம் எழுதிக் கிழித்து
ஐந்தாவதை அதன் கீழே ஒட்டினேன்.
மன்னிக்கவும், இனிப் பிழிவேன்,
அடுத்த முறை கருணாகர கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.
யூஜினி, 3/7.
என் பெயரை அந்த எழுத்தில் பார்த்தது
புதுச் சட்டை போட்டுக் கண்ணாடி பார்த்த மாதிரி.

காலையில் கருணாகரவின் நடுவே
சிவப்புப் பேனையால் ஒரு சின்னத் திருத்தம்.
நான் போட்டது ன. அது ண-வாம்.
அவர்கள் வாயில் இரண்டுக்கும் ஒரே சத்தம்.
நான் காதை நம்பி எழுதியிருந்தேன்.

யார் திருத்தியது, இன்னும் தெரியாது.
ஆனால் கருணைக்கு மூன்று சுழி என்பது
எனக்குத் தெரியாததா?
ஐந்து வயதிலிருந்து என் கையில் இருந்ததை
இங்கே கொண்டுவரலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

துணியை இரண்டு தரம் பிழிந்து கொடியில் போட்டேன்.
வேலைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.
நாலாம் மாடிச் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்று
பார்க்கப் போனேன்.